பெயருக்கு ஆசைப்பட்ட சேற்றுப்புழு

சத்தியம்! கடல்மேல் ஆணை, உப்புமேல் ஆணை! இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் என் மீசையை நண்டு கடிக்கட்டும்!

மண்டபத்துக் கடலுக்கு அடியில், பச்சை வெளிச்சம் மெல்ல மெல்ல இறங்கும் ஓரிடத்தில், பட்டுப்போலச் சேறு. அங்கே மணலுக்கும் மணலுக்கும் நடுவே சுழியன் என்றொரு புழு இருந்தது. தலைமயிரை இரண்டாகக் கிழித்தால் ஒரு கீற்று, அவ்வளவுதான் பருமன். யார் உடம்பிலும் ஒட்டிப் பிழைக்காத சுதந்திரப் புழு.

மேலே அலை புரண்டால் சேறு தொட்டிலாக ஆடும். சுழியனும் அரைத்தூக்கத்தில் ஆடும். ஆனாலும் ஒரு குறை.

"அக்கா, நம்ம கூட்டமே ஒரே அச்சு. எனக்குன்னு ஒரு பேர் வேணாமா?"

"சுழியான்னு நான் கூப்பிடுறேனே, போதாதா?" என்றது அக்கா நூலாயி.

"நீ கூப்பிட்டா ஊருக்குத் தெரியுமா?"

பக்கத்துப் பாறையில், புழுக்களை இனம் பிரித்துப் பெயர் வைக்கும் நண்டுப் பண்டிதர் இருந்தார். வாலையும் வாயையும் முடியையும் பார்ப்பார். தெரிந்த எந்த இனத்தோடும் ஒத்துப்போகாவிட்டால் புது இனம், புதுப் பெயர்!

சுழியன் தன் வால்நுனியில் சுரக்கும் பிசினைத் தொட்டுத் தொட்டு, பாசித் துணுக்குகளை உடம்பெல்லாம் ஒட்டிக்கொண்டது. வாலைச் சுருட்டி மறைத்தபடி அவர்முன் போய் நின்றது.

பண்டிதரின் கண்கள் நீண்டன. "அடடா! வாலே இல்லை! பச்சை முடி! புது இனம்! உன் பெயர் பச்சைமுடி ராயன்!"

"ராயரே! ராயரே!" என்று வேடிக்கை பார்த்த இறால்கள் கூவின. சுழியனுக்கு மேகத்தில் மிதப்பதுபோல் இருந்தது.

பண்டிதர் ஒரு கண்ணாடிச் சிப்பியைத் திறந்தார். தேன்நிறப் பாகுக்குள் பெயர் பெற்ற புழுக்கள் அசையாமல் கிடந்தன.

"இது என்னங்க?"

"புது இனத்தில் முதலாவதை இதில் போட்டு மூடுவது வழக்கம். நாளைக்கு இன்னொன்று வந்தால் ஒத்துப்பார்க்க வேண்டாமா? பயப்படாதே, காலத்துக்கும் கெடமாட்டாய்!"

"ஐயையோ! நான் பழைய சரக்குங்க!"

"நண்டு சொன்னால் சொன்னதுதான்!" கொடுக்கு நெருங்கியது.

தம்பியைத் தேடி வந்த நூலாயி அலறியது. "டேய், மானம் போனாப் போகுது, உதறுடா!"

சுழியன் வாலை நீட்டி, அத்தனை பேர் பார்க்க உடம்பை உதறியது. பாசி பறந்தது.

"ராயருக்கு முடி கொட்டுது!" இறால்கள் விழுந்து விழுந்து சிரித்தன.

பண்டிதர் அக்காவையும் தம்பியையும் மாறி மாறிப் பார்த்தார். "சீ, அதே வால்! சாதாரணப் புழு! போ!"

அந்தத் திட்டு சுழியனுக்குத் தாலாட்டாகக் கேட்டது. சேறு மறுபடி ஆடியது.

பெயருக்காக வேஷம் போடுகிறவன் அந்தப் பெயருக்குள்ளேயே அடைபட்டுப் போவான்.

கதை சொன்னது யார் என்று மட்டும் மூச்சு விடாதீர்கள். பண்டிதர் இன்னும் கரையோரம்தான் உலாத்துகிறார். சிப்பியில் இடமும் காலியாக இருக்கிறது!