வால் வெட்டாத சொல்

அந்தக் காலத்தில் ஸ்பெயின் நாட்டுச் சொற்களுக்கு உயிர் இருந்தது, வாலும் இருந்தது. நாய்க்குட்டிகளைப் போல வீட்டு மனிதர்களின் காலைச் சுற்றிக்கொண்டு கிடக்கும். 'நான் பேசுகிறேன்' என்று சொல்வது ஆப்லோ. 'நீ பேசுகிறாய்' ஆப்லாஸ். 'நாம் பேசுகிறோம்' ஆப்லாமோஸ். ஒரு வீட்டில் யாராவது இறந்தால், மூன்றாம் நாள் வால்காரன் வந்து அந்த வீட்டுச் சொற்களின் வாலை வெட்டி வேறு வால் ஒட்டுவான். அதற்குப் பிறகு அவை முடிந்துபோனதை மட்டுமே சொல்லும். ஒட்டாமல் விட்டால் வீட்டார் பதிலுக்குக் காத்திருந்தே உருகிப்போவார்கள் என்று ஊர் நம்பியது.

வால்காரன் காசிமிரோ தன் மனைவி இறந்தபோதும் தானேதான் வெட்டினான். முறை என்றால் முறைதானே. ஆனால் அன்றோடு அவன் வீட்டு ஆப்லாமோஸ் மடியில் ஏறுவதை நிறுத்திவிட்டது. சுவரைப் பார்த்தே படுத்துக் கிடந்தது. செய்தது சரிதானா என்று கேட்க அவனுக்கு ஆளில்லை.

பிறகு ஒருநாள் ஆட்டுக்காரன் ஃபெர்மின் இறந்தான். அவன் மனைவி எவுலோகியா சொற்களை ஒவ்வொன்றாகப் பிடித்துக் கொடுத்தாள். ஆப்லோ, ஆப்லே ஆயிற்று. ஆப்லாஸ், ஆப்லாஸ்தே ஆயிற்று. ஆப்லாமோஸ் எங்கே என்று கேட்டதற்கு, ஓடிப்போய்விட்டது என்றாள்.

"ஓடிப்போனது உன் அங்கிக்குள்ளே வாலாட்டுகிறதே, அம்மா."

அவள் இரண்டு கைகளாலும் அங்கியைப் பொத்திக்கொண்டாள். "மற்றதெல்லாம் வெட்டிக்கொள்ளுங்கள், அண்ணா. இது எனக்கு மட்டுமா சொந்தம்? பாதி அவருடையது. அவரைக் கேட்காமல் எப்படிக் கொடுப்பேன்?"

"வெட்டாவிட்டால் முடிந்ததா இல்லையா என்று உனக்கே தெரியாமல் போகும்."

"தெரிய வேண்டாம்."

காசிமிரோவும் தன் மனைவியைக் கேட்காமல்தான் வெட்டியிருந்தான். கத்தரிக்கோலைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்து, அந்தச் சொல்லுக்கு ஒட்ட இனி தன்னிடம் வால் இல்லை என்று ஊராரிடம் பொய் சொன்னான். வீட்டுக்குப் போய், எடுத்து வைத்திருந்த பழைய வாலைத் தன் ஆப்லாமோஸுக்கு ஒட்டிப் பார்த்தான். ஒட்டவில்லை.

அன்று முதல்தான், நேற்றைச் சொல்ல மற்றவற்றுக்கெல்லாம் வால் மாறினாலும், 'நாம் பேசுகிறோம்' என்பதற்கும் 'நாம் பேசினோம்' என்பதற்கும் அங்கே ஆப்லாமோஸ் ஒன்றே. முன்பு வெட்டியவையெல்லாம் அந்தந்த வீட்டாரோடு போன பிறகு, வேறு வாலோடு மிஞ்சிய ஒன்றே ஒன்று காசிமிரோவின் வீட்டில் கிடந்தது. அது எப்படி ஒலித்தது என்று அவன் யாரிடமும் சொல்லவில்லை.