பிடுங்கிப் பார்த்த போத்து

ஒரு காட்டில், காடு என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள் குழந்தைகளே, ஓர் ஓடை, ஒரு புல்வெளி, சுற்றிலும் கொஞ்சம் முள்ளும் மரமும், அவ்வளவுதான். அங்கே ஒரு பெண் முயல் இருந்தது. சந்தேகம் அதன் கூடப் பிறந்த குணம். தண்ணீர் குடிக்கப் போனால் ஓடையை முகர்ந்து பார்க்கும். குடித்து முடித்த பிறகு, இன்றைக்கு ஏன் இவ்வளவு தெளிவாக இருக்கிறது என்று யோசிக்கும்.

புல்வெளியின் நடுவில் ஒரு பெரிய பூவரச மரம் நின்றது. அதன் கிளைகள் தரையைத் தொடுவது போலத் தாழ்ந்து கிடக்கும். முயல் தன் குட்டிகளோடு அந்த நிழலில்தான் குடியிருந்தது. மேலே பருந்து எத்தனை வட்டம் அடித்தாலும் கவலை இல்லை. அவ்வளவு இலைகளைத் தாண்டி அதற்குக் கண் தெரியாது.

ஐப்பசி பிறந்ததும் அடித்த பேய்க்காற்றில் மரம் சாய்ந்துவிட்டது. மறுநாள் காலையிலேயே பருந்து இறங்கியது. முயல் காது நுனி கிழிந்ததோடு, குட்டிகளைத் தள்ளிக்கொண்டு ஓர் இலந்தைப் புதருக்குள் புகுந்து தப்பியது. அந்தப் புதரோ வெயில் காலம் வந்தால் இலை உதிர்ந்து வெறும் முள்ளாகிவிடும். அதற்குள் வேறு நிழல் வரவில்லை என்றால் குட்டிகள் கதி அதோகதிதான்.

விழுந்த மரத்தைச் சுற்றி எல்லா விலங்குகளும் கூடி ஒப்பாரி வைத்தன. அங்கே இருந்த குரங்குக்குத் தாராள மனசு.

"அழுது என்ன ஆகப் போகிறது? கிளை காய்வதற்குள் ஆளுக்கு ஒரு போத்து நடுங்கள். பூவரசுக்கு விதைகூட வேண்டாம், ஒரு துண்டுக் கிளையை மண்ணில் ஊன்றினால் போதும், மரமாகிவிடும்" என்றது. சொன்ன கையோடு கிளைகளை ஒடித்து, முயலுக்கு ஒரு போத்தும் அதன் பக்கத்து வளைப் பெருச்சாளிக்கு ஒரு போத்தும் கொடுத்தது.

முயல் தன் போத்தைப் பார்த்தது. பிறகு பெருச்சாளியின் போத்தைப் பார்த்தது.

"உன்னுடையது கொஞ்சம் பருமனாக இருக்கிறதே, அண்ணே."

"அப்படியா? இந்தா, மாற்றிக்கொள்" என்று பெருச்சாளி உடனே நீட்டியது. யாரிடமும் வம்பு தும்புக்குப் போகாத பிராணி அது.

வாங்கிய பிறகு முயலுக்கு மனசு குடைந்தது. கேட்டதும் கொடுத்துவிட்டதே, இதில் ஏதோ கோளாறு இருக்கும். "வேண்டாம், என்னுடையதையே கொடு" என்றது. பெருச்சாளி அதையும் கொடுத்தது. அப்படி மறுபேச்சில்லாமல் கொடுத்தது முயலுக்கு இன்னும் பெரிய சந்தேகமாகப் போயிற்று.

குரங்கு நடும் விதத்தைச் சொன்னது. "அடிப்பக்கம் மண்ணுக்குள் போகட்டும். நுனியில் சாணியை அப்பிவிடு, காயாது. சுற்றிலும் மண்ணை மிதித்து இறுக்கு. அதற்கப்புறம் கை வைக்காதே. ஆடினால் வேர் பிடிக்காது."

"ஆட்டிப் பார்க்காமல் வேர் பிடித்ததா இல்லையா என்று எப்படித் தெரியும்?"

"தளிர் வாடாமல் நின்றால் தெரியும்."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் சும்மா இரு, தாயே."

சும்மா இருப்பது முயலுக்கு ஆகாத காரியம். இருந்தாலும் புதருக்குப் பக்கத்திலேயே போத்தை ஊன்றியது. கொஞ்சம் தள்ளி, தன் வளைக்கு மேலேயே பெருச்சாளியும் ஊன்றியது.

"தங்கச்சி, என் வளைக்கு உன் புதர்ப் பக்கமாக ஒரு வாய் இருக்கிறது. பருந்து வந்தால் குட்டிகளை அதற்குள் தள்ளிவிடு" என்றது பெருச்சாளி.

"பார்க்கலாம்" என்றது முயல். கேட்காமலே எதற்கு இந்த உபகாரம் என்று அதற்குள் ஒரு கேள்வி ஓடியது.

இதையெல்லாம் பனை மரத்தின் உச்சியிலிருந்து பருந்து பார்த்துக்கொண்டிருந்தது. மறுபடியும் அங்கே ஒரு மரம் வருவது அதன் வயிற்றில் அடிக்கிற சங்கதி.

"முயலே, நான் உனக்குப் பகையாளி. என் பேச்சை நீ நம்பவே வேண்டாம்" என்றது பருந்து.

"நம்புகிற ஆளும் நான் இல்லை" என்று புதருக்குள் இருந்தபடியே முயல் சொன்னது.

"நல்லது. குரங்கையும் நம்பாதே. பெருச்சாளியையும் நம்பாதே. உன் கண்ணை மட்டும் நம்பு. மண்ணுக்கடியில் என்ன நடக்கிறது என்று யாருக்குத் தெரியும்? பிடுங்கிப் பார்த்தால் தெரிந்துவிட்டுப் போகிறது."

முயல் நெடுநேரம் யோசித்தது. "பருந்து சொன்னதில் சூது எங்கே இருக்கிறது? யாரையும் நம்பாதே என்றுதானே சொன்னது? நியாயமான பேச்சு" என்று முடிவு செய்தது.

பருந்து பறந்து போனதும் போத்தைப் பிடுங்கிப் பார்த்தது. அடியில் ஒன்றும் இல்லை. திரும்ப ஊன்றியது. சில நாள் கழித்துப் பிடுங்கியது. பட்டையில் சின்னச் சின்னதாக வெள்ளைப் புடைப்புகள். ஊன்றியது. அப்புறம் ஒரு நாள் நூல் போல வெள்ளை வேர்கள் தொங்கின. முயலுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. மேலே இரண்டு தளிர்கூட விட்டிருந்தது. இனிக் குட்டிகள் பிழைத்துவிடும் என்று நினைத்துக்கொண்டு மெதுவாக ஊன்றியது.

அந்த நினைப்போடு அது நின்றிருக்கலாம். நிற்கவில்லை. மறுபடியும் பிடுங்கியது. வேர்களின் முனைகளைக் காணோம். எல்லாம் மொட்டையாக நின்றன.

முயலுக்கு ரத்தம் கொதித்தது. மண்ணுக்கடியில் வாழ்கிறவர் யார்? கிழங்கையும் வேரையும் தின்கிறவர் யார்? நேராகப் பெருச்சாளியிடம் போனது.

"அண்ணன் என்று கூப்பிட்டேன். என் குட்டிகள் வாயில் மண்ணைப் போட்டுவிட்டாய். வேரைக் கடித்தது நீதானே?"

பெருச்சாளி திகைத்துப் போயிற்று. "என் போத்து என் தலைக்கு மேலேயே இருக்கிறது. அதன் வேரை விட்டுவிட்டு, உன் வேரைத் தேடி வந்தா தின்னப் போகிறேன்?"

"அதுதான் எனக்குச் சந்தேகமே. உன்னுடையதை மட்டும் ஏன் தின்னவில்லை?"

பெருச்சாளி உள்ளே போய், முயலின் புதர்ப் பக்கம் இருந்த வளை வாயை மண் தள்ளி மூடிவிட்டது. "பார், குற்றமுள்ள நெஞ்சு" என்றது முயல்.

வெயில் ஏறியது. இலந்தை இலையை உதிர்த்தது. பெருச்சாளியின் பூவரசு தளதளவென்று இலை விட்டது. முயலின் போத்திலோ இருந்த தளிரும் சுருண்டுவிட்டது.

ஒரு காலையில் முயல் கடைசியாக அதைப் பிடுங்கியது. ஈரமே இல்லை, வெறும் குச்சி. அதை மடியில் போட்டுக்கொண்டு அழுதது. அழுத கண்ணோடு குழிக்குள் பார்த்தது. உள்ளே மண்ணோடு ஒட்டிக்கொண்டு, காய்ந்த வேர் முனைகள் அப்படியே கிடந்தன.

முயல் குனிந்து உற்றுப் பார்த்தது. ஒன்றில்கூடப் பல் பட்ட தடம் இல்லை. தின்கிறவர் கடித்ததை இப்படி விட்டுவிட்டா போவார்? இவை கடிபடவில்லை, இழுபட்டு அறுந்தவை. இழுத்த கை எது என்று அதற்கு விளங்கிவிட்டது.

அப்போது புல்லின் மேல் ஒரு நிழல் ஓடியது. குட்டிகளும் அம்மா பின்னாலேயே வெட்டவெளிக்கு வந்திருந்தன.

"என்னை நம்பாதே என்று முதலிலேயே சொன்னேனே" என்றபடி பருந்து இறங்கியது.

முயல் குட்டிகளை உந்திக்கொண்டு ஓடியது. புதரில் மறைய இலை இல்லை. வளையின் வாய் மூடிக் கிடந்தது. "அண்ணே, அண்ணே" என்று முன்னங்கால்களால் அந்த மண்ணை அடித்தது. உள்ளிருந்து மண் சரிந்தது. ஒரு மூக்கு தெரிந்தது.

"சீக்கிரம்" என்றது பெருச்சாளி.

குட்டிகள் உருண்டு உள்ளே விழுந்தன. முயலும் இடித்துப் பிடித்து நுழைந்தது. பருந்தின் நகம் வெளியே வெறும் மண்ணைக் கீறியது.

மறுபக்கத்து வாயிலிருந்து கொஞ்சம் வெளிச்சம் வந்தது. முயல் அண்ணாந்து பார்த்தது. வளையின் கூரையில் பூவரசின் வேர்கள் கொத்துக் கொத்தாகத் தொங்கின. பெருச்சாளியின் வாய்க்கு எட்டுகிற உயரம்தான். ஒன்றும் கடிபடவில்லை.

முயலுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. இருந்தாலும் பழைய குணம் போகுமா?

"நான் அவ்வளவு பேசியும் ஏன் திறந்தாய், அண்ணே? என்ன நினைத்துத் திறந்தாய்?"

பெருச்சாளி குட்டிகளுக்கு இடம் ஒதுக்கிவிட்டுத் திரும்பியது.

"ஏன், அதையும் பிடுங்கிப் பார்க்க வேண்டுமா, தங்கச்சி?"

முயல் குட்டிகளின் பக்கத்தில் போய்ப் படுத்துக்கொண்டது.

நீதி: ஒருவரையும் நம்பாதவர் கடைசியில் பகைவர் பேச்சைத்தான் கேட்பார்.