கிணற்றுப் பிரிவு வந்த விதம்

சுண்டைக்குறிச்சியில் ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறதாம். அரசாங்க உத்தியோகம் கிடைத்தவர்களை ஆறு மாதம் உட்கார வைத்து, ஜனங்களிடம் எப்படி நடந்துகொள்வது என்று அங்கே சொல்லிக்கொடுப்பார்களாம். பேராசிரியர் ஏகலிங்கத்துக்கு ஒரே பிடிவாதம்: "நான் சொன்னதுல ஒரு எழுத்து மாறக் கூடாது." அவரிடம் படித்த சடையப்பன், தீத்தாரப்பன், பேச்சித்தாய் மூன்று பேரும் மாற்றவே இல்லை.

பரீட்சைக்கு முந்தின நாள், வினாத்தாளைப் படித்துக்கொண்டே நடந்த ஏகலிங்கம் வளாகத்துக் கிணற்றுக்குள் போய்விட்டார். கழுத்தளவுத் தண்ணீர்தான். ஆனால் கால் சேற்றில் புதைந்துகொண்டே போனது.

சத்தம் கேட்டு மூவரும் எட்டிப் பார்த்தார்கள்.

"குறையோட ஒருத்தர் வந்திருக்காரு. முதல்ல என்ன செய்யணும்?" என்றார் சடையப்பன்.

"உட்கார வச்சுத் தண்ணி குடுக்கணும்" என்றாள் பேச்சித்தாய்.

தூணில் கயிற்றைக் கட்டி நாற்காலியை இறக்கினார்கள். ஏகலிங்கம் அதன்மேல் ஏறி நின்றார்.

"நிக்கக் கூடாது சார், உட்காரணும்."

"உட்கார்ந்தா மூழ்கிருவேன்யா."

அடுத்து வாளியில் ஒரு தம்ளர் இறங்கியது.

"தண்ணிக்குள்ளதானய்யா நிக்கிறேன்."

"அது கிணத்துத் தண்ணி சார். இது குடிதண்ணி" என்றார் தீத்தாரப்பன்.

குடித்தார். குடிக்காமல் அவர்கள் அடுத்த வேலைக்குப் போகமாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். அதற்குள் நாற்காலியும் புதைய ஆரம்பித்து, தண்ணீர் தாடைக்கு வந்துவிட்டது.

"கயித்தை இழுங்கப்பா."

"மனு இல்லாம எப்படி சார்?"

காகிதமும் பேனாவும் இறங்கின. தலைமேல் வைத்து எழுதி அனுப்பினார். மூவரும் தலையோடு தலை முட்டிப் படித்தார்கள்.

"துறைத்தலைவர் பரிந்துரை இல்லையே" என்றாள் பேச்சித்தாய்.

"நான்தானம்மா துறைத்தலைவர்."

"நல்லதாப் போச்சு. கிட்டவே இருக்காரு."

தன் மனுவுக்குத் தானே பரிந்துரை எழுதினார். இப்போது தண்ணீர் கீழ் உதட்டில்.

"இனி இழுக்கலாமா?" என்றார் தீத்தாரப்பன்.

சடையப்பன் யோசித்தார். "நேர்ல போய்ப் பார்க்காம நடவடிக்கை எடுக்கலாமா? சார் எத்தனை தடவை சொல்லியிருக்காரு?"

தீத்தாரப்பன் கயிற்றைப் பிடித்து இறங்கினார். பேச்சித்தாய் மனுவைச் செருகிய கோப்பைப் பல்லில் கவ்விக்கொண்டு இறங்கினாள். அரசாங்கச் சொத்தை ஆளில்லாத இடத்தில் விடக்கூடாது என்பதும் பாடத்தில் உண்டு. அதனால் சடையப்பன் கயிற்றைத் தூணிலிருந்து அவிழ்த்துக் கையோடு எடுத்துக்கொண்டு இறங்கினார். இறங்கினார் என்பதைவிட, வந்து சேர்ந்தார்.

"பார்த்தாச்சு சார். நீங்க சொன்னது வாஸ்தவம்தான். ஆழம் இருக்கு" என்றார் சடையப்பன்.

ஏகலிங்கம் மூக்கை மேலே தூக்கிக்கொண்டார். வாயைத் திறந்தால் தண்ணீர்.

நல்லவேளை, காவல்காரர் பூதப்பாண்டி அந்தப் பக்கம் வந்தார். அவர் எந்த வகுப்பிலும் உட்கார்ந்தவரில்லை. நீள ஏணியை இறக்கி ஏகலிங்கத்தை மேலே கொண்டுவந்து சேர்த்தார்.

"நீங்களும் ஏறுங்க" என்று மற்றவர்களைக் கூப்பிட்டார்.

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"பொறுப்பை ஒப்படைக்காம இடத்தை விட்டு எப்படிங்க வர்றது?" என்றாள் பேச்சித்தாய்.

கெஞ்சிப் பார்த்தார்கள், மிரட்டிப் பார்த்தார்கள். மசியவில்லை. கடைசியில் பல்கலைக்கழகமே உத்தரவு போட்டு வேறு மூன்று பேரைக் கிணற்றுக்குள் இறக்கியது. அவர்கள் கையெழுத்துப் போட்டுப் பொறுப்பேற்ற பிறகுதான் இவர்கள் ஏறினார்கள். புதிதாக இறங்கியவர்களும் ஏகலிங்கத்திடம் படித்தவர்கள்தான்.

இப்போது அங்கே குறுக்கே பலகை போட்டு, மேசையும் மணியும் வைத்து, 'கிணற்றுப் பிரிவு' என்று பேரும் கொடுத்திருக்கிறார்கள். யார் எட்டிப் பார்த்தாலும் கீழேயிருந்து மரியாதையான குரல் வரும்:

"வாங்கய்யா, உட்காருங்க. தண்ணி குடிக்கிறீங்களா?"