உக்கிராணக்காரரின் இடது மீசை

வேம்பனூர் ராஜா கனகரங்கருக்குக் கூத்து என்றால் சோறு தண்ணீர் வேண்டாம். அதிலும் ராஜா வேஷக்காரன் முகம் பொன்னாக மின்ன வேண்டும். அதற்கு அரிதாரம்தான் லாயக்கு. அது ஒரு மஞ்சள் கல். அரைத்துக் குழைத்து முகத்தில் பூசுவார்கள். விஷச் சரக்கு என்று வைத்தியர்கள் முணுமுணுப்பார்கள். "கொஞ்சூண்டுதானே!" என்று மற்றவர்கள் வாயை அடைத்துவிடுவார்கள்.

பன்னிரண்டு வருஷமாக அந்த வேஷம் கட்டியவன் அரிகிருஷ்ணன். ஒரு நாள் ஆட்டத்தின் நடுவே, பந்தத்திலிருந்து விழுந்த நெருப்புத் துண்டை மிதித்துவிட்டான். மிதித்ததே அவனுக்குத் தெரியவில்லை. தோல் கருகும் நாற்றம் வந்த பிறகுதான் குனிந்து பார்த்தான்.

குழந்தையப்பர் அதைக் கவனித்துவிட்டார். ராஜாவைச் சிரிக்க வைப்பதுதான் சபையில் அவருக்கு உத்தியோகம். அன்றைக்கு அவருக்கே சிரிப்பு வரவில்லை. மறுநாள் காலையில் அரிகிருஷ்ணனின் கையைப் பிடித்துப் பார்த்தார். உள்ளங்கை முழுக்கக் காய்ப்பு, முள்ளு முள்ளாக.

"எத்தனை நாளா இப்படி?"

"விரல் மரத்துப்போயி ரெண்டு வருஷம் இருக்குமுங்க. சொன்னா வேஷம் போயிடுமேன்னு சொல்லல."

குழந்தையப்பர் நேரே சபைக்குப் போனார். "மகாராஜா, அரிதாரம் பூசிப் பூசி அரிகிருஷ்ணனுக்குக் கை கால் மரத்துவிட்டது. இனி அது வேண்டாம்" என்றார்.

உக்கிராணக்காரர் மன்னாருசாமி துள்ளி எழுந்தார். அரண்மனைச் சரக்கறை அவர் பொறுப்பு. அரிதாரம் மூட்டை மூட்டையாக வருவது அவருடைய மருமகன் கடையிலிருந்து.

"அபாண்டம், மகாராஜா! நேற்று நானே பூசிப் பார்த்தேன். எனக்கு என்ன ஆயிற்று? கல்லுக்குண்டு மாதிரி நிற்கிறேன்!"

ராஜாவுக்குப் பொன்முகத்தை விட மனமில்லை. "குழந்தையப்பரே, எந்த நாள் பூசியதால் அவனுக்கு இப்படி ஆயிற்று? அந்த நாளைக் காட்டும். மூன்று மாதம் தவணை. காட்டாவிட்டால் சபைப் பக்கமே வரக்கூடாது."

குழந்தையப்பர் சபையைச் சுற்றிப் பார்த்தார். அந்த நாளை எங்கே போய்த் தேடுவது? அவர் கண் மன்னாருசாமியின் மேல் விழுந்தது. ஆட்டுக்கிடா கொம்பு மாதிரி முறுக்கிய மீசை!

"காட்டுகிறேன், மகாராஜா. அதுவரை தினமும் உக்கிராணக்காரரின் இடது மீசையில் மூன்றே மூன்று முடி பிடுங்கிக்கொள்ள உத்தரவாக வேண்டும்."

மன்னாருசாமி விழுந்து விழுந்து சிரித்தார். "மூணு முடிதானே? தாராளமாய்!"

முதல் வாரம் அவரே முகத்தை நீட்டினார். நாலாவது வாரம் மனைவி உற்றுப் பார்த்தாள். இரண்டாவது மாதம் தெருவில் போனவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். "போதுமய்யா!" என்று கெஞ்சினார். "மூணு முடிதானே?" என்று குழந்தையப்பர் நிறுத்தாமல் பிடுங்கினார்.

தவணை முடிந்த அன்று மன்னாருசாமி மேல்துண்டால் பாதி முகத்தை மூடிக்கொண்டு வந்தார். ராஜா துண்டை எடுக்கச் சொன்னார். வலப்பக்கம் கிடாக்கொம்பு, இடப்பக்கம் வெட்டவெளி. சபை சிரிப்பில் அதிர்ந்தது.

"என் மீசையை அழித்துவிட்டான், மகாராஜா!"

"எந்த நாள் பிடுங்கியதால் அழிந்தது, ஐயா? அந்த நாளைக் காட்டுங்கள்" என்றார் குழந்தையப்பர்.

மன்னாருசாமி மேல்துண்டை மறுபடி முகத்தில் இழுத்துக்கொண்டார்.

ராஜா சிரிக்க ஆரம்பித்தார். ஓரத்தில் நின்ற அரிகிருஷ்ணனின் காலில், இன்னும் ஆறாத தீப்புண்ணுக்குப் போட்ட கட்டு தெரிந்தது. சிரிப்பு பாதியில் நின்றது. "என் கண்ணுக்கு அழகாக இருக்கட்டும் என்று இவனைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொன்றிருக்கிறேனே" என்றார்.

அன்றோடு அரிதாரம் ஒழிந்தது. அரிகிருஷ்ணனை அரண்மனை வைத்தியர் பொறுப்பில் விட்டார்கள். கைக்காய்ப்பு ஓரளவு குறைந்தது. விரல் மரப்பு முழுக்கப் போகவில்லை. ஆனாலும் மஞ்சளும் அரிசிமாவும் பூசிக்கொண்டு மறுபடி ஆடினான்.

தவணை முடிந்த அன்று சபை கலையும் நேரத்தில் மன்னாருசாமி கெஞ்சினார். "இந்த அரை மீசையோடு எப்படியய்யா வீட்டுக்குப் போவேன்?"

"அதற்கென்ன, சுலபம்" என்றார் குழந்தையப்பர். "அரிதாரத்தைச் சுண்ணாம்போடு குழைத்துப் பூசினால் முடி ஒன்றுவிடாமல் உதிருமாம். உக்கிராணத்தில் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறதே! வலப்பக்கமும் கொஞ்சூண்டு பூசிவிடுங்கள், இரண்டும் சமமாகிவிடும்."

மன்னாருசாமி இரண்டு கையாலும் கன்னத்தைப் பொத்திக்கொண்டு அலறினார்:

"ஐயையோ! அந்த விஷத்தை என் முகத்திலா பூசச் சொல்கிறீர்!"

ராஜா சிரித்த சிரிப்பில் தலைப்பாகை கழன்று விழுந்தது. அதை எடுத்துக் குழந்தையப்பரின் தலையிலேயே வைத்துவிட்டுப் போனார்.