வீட்டுப் பெயரை ஒப்பித்த மைனா

கிட்ட வந்து உட்காருங்கள், பிள்ளைகளா. பெரியவர்களும் வரலாம். இந்தக் கதையில் உங்களுக்கும் கொஞ்சம் பங்கு உண்டு.

ஒரு காட்டில் பெரிய ஏரி. அதன் கரையோரம் வளை, பொந்து, புதர் என்று நாற்பத்தோரு குடும்பங்கள். மழைக்காலம் வந்தால் ஏரித் தண்ணீர் சொல்லாமல் கொள்ளாமல் வளைக்குள் புகுந்துவிடும். அதனால் எல்லாம் சேர்ந்து ஒரு சங்கம் வைத்தன. தண்ணீர் ஏறினால் வாசல் வாசலாகப் பறந்துபோய் எழுப்புவது மைனாவின் பொறுப்பு.

ஆனால் யாரோ "வெளியே வா" என்றால் வந்துவிட முடியுமா? நரியும் அப்படித்தானே கூப்பிடும்! அதனால் ஒவ்வொன்றும் தன் வீட்டுப் பெயரை மைனாவின் காதில் சொல்லி வைத்தது. தாய் மட்டும் செல்லமாகக் கூப்பிடும் பெயர் அது. வெள்ளம் வரும்போது அந்தப் பெயர் கேட்டால் யோசிக்காமல் ஓடிவர வேண்டும். வேறு எதற்கும் அது மைனாவின் வாயில் வரக்கூடாது.

மைனா நாற்பத்தொன்றையும் மனப்பாடமாக வைத்திருந்தது. அதில் அதற்குக் கொள்ளைப் பெருமை.

அப்போது மலைப்பக்கமிருந்து ஒரு குரங்கு வந்தது. பெயர் சடையன். ஆலம் விழுதில் தலைகீழாகத் தொங்கிக் கரணம் போடும். வித்தை நல்ல வித்தைதான், பார்க்கத்தான் ஆள் இல்லை.

சடையன் மைனாவிடம் மெல்லப் பேச்சுக் கொடுத்தது. நாற்பத்தோரு பெயர் இந்தச் சின்னத் தலைக்குள் நிற்குமா, யாரோ சும்மா அளந்துவிட்டிருக்கிறார்கள் என்றது. மைனாவுக்குச் சுருக்கென்றது. எந்த வாசலில் எந்தப் பெயர் என்று மூச்சுவிடாமல் ஒப்பித்துக் காட்டிவிட்டது. சடையன் பாதியைப் பிடித்துக்கொண்டது. மீதிக்காக மறுநாளும் வந்து ஆகா ஓகோ என்றது. மைனா மறுநாளும் ஒப்பித்தது. அன்று அதற்கு இரை இறங்கவில்லை. இருந்தாலும் யாரிடமும் மூச்சுவிடவில்லை.

அப்புறம் என்ன? பால் கொடுத்துக்கொண்டிருந்த முயல், "வெண்ணெய்க்கட்டி" என்ற குரல் கேட்டுக் குட்டிகளை வாயில் கவ்விக்கொண்டு பதறி ஓடிவந்தது. வெளியே சடையன் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது. கரணம் பார்க்க வரவேண்டுமாம். காடே நடுங்கும் உடும்பின் வாசலில் போய், நாலு பேர் கேட்க "அம்முக்குட்டி" என்று கத்தியது. உடும்பு இரண்டு நாள் வெளியே தலைகாட்டவில்லை.

தினம் மூன்று வேளை இதே கூத்து. சங்கம் கூடி மைனாவைக் கேட்டது.

"எனக்கென்ன தெரியும்? காற்றுவாக்கில் கேட்டிருக்கும்" என்றது மைனா. சொல்லும்போது யார் முகத்தையும் பார்க்கவில்லை.

முள்ளம்பன்றி அதைக் கவனித்தது. பேசாமல் ஒரு காரியம் செய்தது. கரைக்கோடியிலிருந்த மேட்டில் ஒரு வெற்று வளை கிடந்தது. அதில் ஒரு சுண்டெலி குடிவந்திருக்கிறது, வீட்டுப் பெயர் பஞ்சுருண்டை என்று மைனாவின் காதில் மட்டும் சொன்னது. பிறகு அந்த வளைக்குள் போய்ப் படுத்துக்கொண்டது.

சடையன் வந்து புதிதாக யாரும் உண்டா என்று கேட்டது. நாற்பத்தொன்றைச் சொல்லியாயிற்று, இன்னொன்றில் என்ன என்று மைனா அதையும் சொல்லிவிட்டது. மறுநாள் காலையே சடையன் வெற்று வளைக்குள் தலையை விட்டு "பஞ்சுருண்டை" என்றது. மூக்கில் முள் ஏறியதுதான் மிச்சம்.

முள்ளம்பன்றி நேரே மைனாவிடம் வந்தது.

"பஞ்சுருண்டை என்று உலகத்தில் யாருமே இல்லையடி."

மைனாவின் இறக்கை தொங்கிப்போனது. யாரிடமும் சொல்லிவிடாதே அக்கா என்று கெஞ்சியது.

"நான் சொல்லப் போவதில்லை. நீதான் சொல்ல வேண்டும்."

நாளைக்குச் சொல்கிறேன் என்றது மைனா. நாளையும் போனது, அதற்கடுத்த நாளும் போனது. மூன்றாம் நாள் காலையில் வானம் பிய்த்துக்கொண்டு கொட்டியது. உச்சிப்பொழுதுக்குள் ஏரி கரையை நக்க ஆரம்பித்துவிட்டது.

மைனா வாசல் வாசலாகப் பறந்து வீட்டுப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது. ஒரு தலைகூட வெளியே வரவில்லை.

"மைனா குரலில் பேசவும் பழகிவிட்டாயா, சடையா? போ, உன் கரணத்தை நீயே பார்" என்றது உள்ளேயிருந்து முயல்.

வாசலில் தண்ணீர் விரலளவு நின்றது. உள்ளே கண் திறக்காத ஐந்து குட்டிகள். மைனா பறந்துபோய் முள்ளம்பன்றியிடம் அழுதது. நீ வந்து சொல் அக்கா, நீ சொன்னால் கேட்பார்கள் என்றது.

"நாற்பத்தோரு வாசலுக்கு என் கால் எட்டுமா? நீதான் பறப்பவள். உன் குரலைச் சடையன் கற்றுக்கொள்ளலாம். ஆனால் தன்னைத் தானே கேவலப்படுத்திக்கொள்ள அதற்கு வாய் வராது. நீ செய்ததைச் சொல்லிப் பார்."

மைனா முயலின் வாசலுக்குத் திரும்பியது.

"வெண்ணெய்க்கட்டி, உன் பெயரைச் சடையனிடம் சொன்னது நான்தான். என் ஞாபகசக்தியைக் காட்டப் பெருமைக்குச் சொன்னேன். சங்கத்தில் பொய்யும் சொன்னேன். என்னை என்ன வேண்டுமானாலும் திட்டு. இப்போது குட்டிகளைத் தூக்கிக்கொண்டு வெளியே வா."

முயல் குட்டிகளோடு வெளியே வந்தது. மைனாவை ஒரு பார்வை பார்த்தது. மேட்டுக்கு ஓடியது.

நாற்பத்தோரு வாசலிலும் மைனா அதையே சொன்னது. சொல்லச் சொல்லப் பழகிப்போகும் என்று நினைத்தது. பழகவேயில்லை. கடைசி வாசலில்தான் அதிகம் கூசியது. ஆனால் கடைசிக் குட்டிவரை மேடு ஏறிவிட்டது.

மழை விட்டதும் சங்கம் மேட்டிலேயே கூடியது. சடையனை அழைத்து, வித்தை காட்டுவதென்றால் ஆலமரத்தில் நின்று பொதுவாகக் கூவு, பிடித்தவர்கள் வருவார்கள் என்று சொல்லி அனுப்பியது. பழைய பெயர்களை எல்லாம் விட்டுவிட முடிவாயிற்று. விருப்பம் உள்ளவர்கள் புதுப்பெயர் சொல்லலாம், இல்லாதவர்கள் சொல்ல வேண்டாம்.

ஆனால் யாரிடம் சொல்வது? மைனா ஒரு கல்லின் மேல் தலை குனிந்து நின்றது. முயல் முகத்தைத் திருப்பிக்கொண்டது. உடும்பு மண்ணைக் கிளறியது. யாரும் எழுந்திருக்கவில்லை.

நம்மை நம்பி ஒருவர் கொடுத்ததை இன்னொருவருக்கு எடுத்துக் கொடுக்க நமக்கு உரிமையில்லை, கொடுத்துவிட்டால் அன்றைக்கே ஒத்துக்கொள்ள வேண்டும் என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டு, முள்ளம்பன்றி தன் முள்ளையெல்லாம் படிய மடக்கிக்கொண்டு கல்லருகே போய், மைனாவின் காதில் தன் புதுப்பெயரைச் சொன்னது.