தனகோடியார் பாடிய தாலாட்டு

மருதூர்ச் சீமையை மகிபாலன் என்றொரு ராஜா ஆண்ட காலம் அது. நினைத்தது உடனே நடக்கணும் அவருக்கு. நடந்த பிறகு ஏன் நினைத்தோம் என்பதே மறந்துபோகும். ஒரு நாள் விளக்கு வைத்த பிறகு அரண்மனைவரை ஒரு விநோதச் சத்தம் கேட்டது. கிணற்றில் விழுந்த நரி போல ஓர் ஊளை. கொஞ்சம் மூச்சு வாங்கும், மறுபடி ஊளையிடும்.

அரண்மனைச் சமையற்கட்டு ஓரம் உட்கார்ந்திருந்த செங்கமலம் துள்ளி எழுந்தாள். அவள் நடத்தும் அநாதைப் பிள்ளைகள் விடுதிப் பக்கமிருந்து அல்லவா வருகிறது!

எல்லாம் காலையில் வந்த வினை. போன வாரம் ராஜா அவளை நாலு பேர் முன்னால் புகழ்ந்தது கருவூலத் தலைவர் தனகோடிக்குப் பொறுக்கவில்லை. இன்று சபையில் எழுந்தார்.

"மன்னா, அந்த விடுதி தின்கிறதே தவிர ஒரு காசு சம்பாதிக்கிறதா? பிள்ளைகள் கயிறு திரித்துப் பிழைக்கட்டும். முடியாவிட்டால் விடுதியை இழுத்து மூடி, வீட்டுக்கு ஒன்றாக வேலைக்கு அனுப்பிவிடலாம்."

"பேஷ்! அப்படியே ஆகட்டும்!" என்றார் ராஜா.

"கயிறா? ஐயா, அதில் மூன்று இன்னும் தவழ்கிறது!" என்றாள் செங்கமலம்.

"சாக்குச் சொல்லாதேம்மா. நானாக இருந்தால் ஒரே நாளில் செய்து காட்டுவேன்" என்றார் தனகோடி.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அப்போ காட்டுங்களேன்! பிணையையும் வையுங்கள். சபை வழக்கமாச்சே!"

அந்தச் சபையில் யோசனை சொல்பவர் தன் சொத்தில் ஒன்றைப் பிணை வைக்க வேண்டும். யோசனை பலித்தால் ராஜா இரட்டிப்பாகத் தருவார். பலிக்காவிட்டால், அதனால் அவதிப்பட்டவருக்குப் பிணை போய்விடும். இரட்டிப்பு என்றதும் தனகோடிக்கு வாயெல்லாம் பல்.

"ஏரிக்கரைத் தென்னந்தோப்பு மொத்தமும் பிணை! ஆனால் இவள் இன்றைக்கு அந்தப் பக்கம் தலைகாட்டக் கூடாது."

இப்போது அந்த ஊளையைக் கேட்டு ராஜா தலைப்பாகைகூட இல்லாமல் ஓடி வந்தார். "என்ன அது, பேயா?"

"பேயோ பிசாசோ, என் பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள். வாங்க மகாராஜா!" என்று அவள் முன்னால் ஓடினாள்.

விடுதிக் கதவு அகலத் திறந்து கிடந்தது. உள்ளே தனகோடி, தோளில் ஒரு குழந்தை, மடியில் இரண்டு. பட்டு அங்கவஸ்திரம் நனைந்து தொங்கியது. கால் தூணோடு கட்டப்பட்டிருந்தது. கண்ணை மூடி "ஆராரோ" என்று கத்திக்கொண்டிருந்தார். அதுதான் அந்த நரி.

"எத்தனை முழம் திரித்தீர், தனகோடியாரே?"

"மூன்று, மன்னா. மூன்றும் என் காலில்தான் இருக்கிறது."

"மிச்ச நார்?"

"பெரிய பிள்ளைகள் என்னைக் கட்டிவிட்டு, அதை மெத்தையாகப் போட்டுப் படுத்துவிட்டார்கள். சின்னது ஒன்று தின்னப் பார்த்தது. பாட்டை நிறுத்தினால் மூன்றும் வீறிடுகிறது. காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை! இவள் தினமும் எப்படித்தான்…"

செங்கமலம் குழந்தைகளை வாங்கிக்கொண்டாள். தட்டிக்கொடுத்தபடியே, "மகாராஜா, தோப்பு எங்களுடையது. இனித் தேங்காய் வருமானத்தில் விடுதி நடக்கும். கருவூலத்தில் கை நீட்ட மாட்டோம். மூடுகிற பேச்சை இத்தோடு விடுங்கள்" என்றாள்.

"மூடுவதாவது! விடுதி நிலைத்துவிட்டதே!"

தனகோடி நிமிர்ந்தார். "அப்போ விடுதி சம்பாதிக்கிறதே! என் யோசனை பலித்ததாகத்தானே அர்த்தம், மன்னா? இரட்டிப்பு…"

"உம்முடைய யோசனை கயிறு, ஐயா. அது உம் காலில் இருக்கிறது. தோப்புக்கு வழி செய்தது இவள். மாதா மாதம் தேங்காயைப் பறிக்க வைத்து இங்கே கொண்டுவந்து இறக்குவது இனி உம் வேலை!" என்று ராஜா வெடித்துச் சிரித்தார்.

ஒரு குழந்தை சிணுங்கியது.

"மகாராஜா! சிரிப்பையெல்லாம் அரண்மனையில் வைத்துக்கொள்ளுங்கள். இப்போதுதான் கண் அசந்தது. கிளம்புங்க ரெண்டு பேரும்!"

ராஜா வாயைப் பொத்திக்கொண்டு நுனிக்காலில் வெளியேறினார். தூணிலிருந்து அவிழ்ந்த கயிறு இழுபட, தனகோடி பின்னால் நொண்டினார். நிலைப்படியில் சிக்கிய கயிற்று நுனியைச் செங்கமலம் காலால் வெளியே தள்ளினாள். கதவைச் சாத்தி உள்ளே தாழ்ப்பாள் போட்டாள்.