மணல்முனை விளக்கின் கறுப்புப் பட்டை

மணல்முனைக் கலங்கரை விளக்கத்தைக் கவனித்துக்கொண்டவள் அமலோற்பவம். நாற்பது வயது. அவளிடம் சீடராகச் சேர்ந்தவர் இஞ்ஞாசி, ஓய்வு பெற்ற சரித்திர வாத்தியார். ஊருக்கே பாடம் எடுத்தவர் இவளிடம் போய்க் கைகட்டி நிற்கிறாரே என்று சிரித்தார்கள். சிரிக்கட்டும். முப்பது வருஷம் கடலோரத்தில் குடியிருந்து ஒரு நாளும் படகில் கால் வைக்காத மனுஷர், இனிமேலாவது எதையாவது தெரிந்துகொள்ள வேண்டாமா?

நூறு வருஷத்துக் கோபுரம் அது. காரை உதிர்ந்துகொண்டிருந்தது. அதைக் காப்பாற்றிவிட வேண்டும் என்பது அவர் ஆசை.

"பழசைக் காப்பாத்தறதுன்னா என்னம்மா?" என்று ஒரு நாள் கேட்டார்.

"அக்கா வீட்டுக்குக் கிளம்பறேன் சார். நாலு நாள்ல வந்து சொல்றேன்."

படித்தவருக்கு நாலு நாள் பொறுக்குமா? கோபுரத்தின் கறுப்பு வெள்ளைப் பட்டைகளை ஒரு மூலையில் சுரண்டிப் பார்த்தார். எல்லாவற்றுக்கும் அடியில் வெறும் வெள்ளை. ஆக, கட்டினபோது முழு வெள்ளை. கறுப்பு பின்னால் வந்தவர்களின் வேலை. ஆள் பிடித்தார், சாரம் கட்டினார், அடியிலிருந்து நுனிவரை சுண்ணாம்பு அடித்து முடித்தார்.

ஐந்தாம் நாள் காலையில் அமலோற்பவம் பஸ்ஸைவிட்டு இறங்கினாள். கோபுரத்தைப் பார்த்தாள். உடனே கடலைப் பார்த்தாள்.

கடல்மேல் மூட்டம். சாரம் கட்டுவதற்கு முன்பே தொழிலுக்குப் போன படகு ஒன்று திரும்பிக்கொண்டிருந்தது. அதில் இஞ்ஞாசியின் மருமகன் கஸ்பாரும் இன்னும் மூன்று பேரும். கரைக்கு நேராக வந்த படகு பாதியில் வடக்கே வளைந்தது. வடக்கே முழுக்கப் பாறை.

"எங்கே போறான்?" கோபுரத்தடியில் நின்ற வாத்தியார் கையை நீட்டிக் கேட்டார்.

தெற்கே அடுத்த ஊர் மாதா கோயில் கோபுரமும் வெள்ளை என்பதை அவள் ஓடிக்கொண்டே சொன்னாள். கறுப்புப் பட்டை தெரியாததால் இது அந்த ஊர், நம் ஊர் இன்னும் வடக்கே என்று நினைத்துவிட்டார்கள்.

வலை மூடும் கறுப்புத் தார்ப்பாயைத் தோளில் போட்டுக்கொண்டு படியேறினாள். பின்னாலேயே அவரும் மூச்சிரைக்க ஏறினார். உச்சிக் கம்பியில் ஒரு முனையை அவள் கட்டினாள். மறுமுனையை அவர் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முழங்காலில் நின்றார். சுண்ணாம்பின்மேல் கறுப்பு விரிந்து தொங்கியது.

படகு நின்றது. நின்றுகொண்டே இருந்தது. பிறகு மெல்ல மூக்கைத் திருப்பியது.

கரையில் குதித்த கஸ்பார் அண்ணாந்து பார்த்தான்.

"என்ன மாமா, கோபுரத்துக்குப் புதுநன்மையா? முதல் நற்கருணை வாங்கற பிள்ளை மாதிரி வெள்ளை உடுத்தி நிறுத்தியிருக்கீங்க?"

எல்லாரும் சிரித்தார்கள். வாத்தியார் மணலில் அப்படியே உட்கார்ந்து சிரித்தார். கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார்.

சாயங்காலம் கறுப்புப் பெயின்ட், அளவு டேப், பழைய குறிப்புகள் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வந்தார்.

"கறுப்பை எத்தனை அடியில ஆரம்பிக்கணும்மா? குறிப்புல மூணு விதமா எழுதியிருக்கு. எது சரி?"

அமலோற்பவம் டேப்பை வாங்கிப் படியில் வைத்தாள். கஸ்பாரின் படகைக் காட்டினாள்.

"ஏறுங்க சார். அங்கேயிருந்து பார்த்துச் சொல்லுங்க. நான் பூசறேன்."